ஆட்டமும் பாட்டும்: விளையாட்டு வடிவங்கள் தமிழ்ச் செய்யுளிற் புகுந்த வரலாறு

தமிழில் ‘ஆடு’ என்னும் வினையின் பொருட்பரப்பு பெரிது. அரங்கேறிக் கூத்து நிகழ்த்துபவளும் ஆடுகிறாள், முற்றத்திற் பந்தடிக்கும் சிறுமியும் ஆடுகிறாள், ஊசலும் ஆடுகிறது, புனலிற் படிவோரும் ஆடுகின்றனர், இருவர் எதிரெதிர் இருந்து பேசின் அதுவும் உரையாடல் எனப்படுகிறது. தேவை நேர்ந்தவிடத்துக் கூத்து என்றும் விளையாட்டு என்றும் தமிழ் பிரித்துரைக்கும். எனினும் அவ்விரண்டின் அடியிலும் நிற்கும் வினை ஒன்றே. இச்சொல்லொற்றுமை தற்செயலாய் நேர்ந்ததா, அன்றி அன்றாட வாழ்க்கையில் இருந்த ஒற்றுமையின் சுவடா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

குறுந்தொகையின் 31ஆம் பாடலை ஆதிமந்தி பாடியதாகக் கூறுவர். வீரர் கூடிய விழாவிலும் மகளிர் தழுவி ஆடும் துணங்கையிலும் தன் தலைவனைத் தேடிக் காணாது வருந்தும் ஒருத்தி, தன்னையும் அவனையும் ஆடுகளத்திற்கு உரியவர் என்றே சுட்டிக்கொள்கிறாள். அப்பாட்டில் ஆடுகளம் என்பது கூத்து நிகழும் இடம். இன்று நம் நாளிதழ்கள் கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும் தரையை அதே சொல்லால் எழுதுகின்றன. எழுதுவோர் குறுந்தொகையை நினைந்து எழுதுகிறார் என்பதற்கில்லை. மொழி தானே அவ்விடத்தை அவர்க்கு எடுத்துக் கொடுத்தது என்பதே பொருந்தும்.

தொல்காப்பியரும் விளையாட்டை இலக்கியத்தின் புறத்தே நிறுத்தினாரல்லர். கெடவரல், பண்ணை என்னும் இரண்டும் விளையாட்டுப் பொருளன என்று உரியியலில் ஓதினார். மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன் நான்கினுள் விளையாட்டை ஒன்றாக வைத்தார். செல்வமும் அறிவும் புணர்ச்சியும் ஏனைய மூன்று. அறிவினால் வரும் மகிழ்ச்சியும் விளையாட்டினால் வரும் மகிழ்ச்சியும் ஒரே வரிசையில் நிற்பது நோக்கத்தக்கது. மெய்ப்பாடென்பது செய்யுளுறுப்பாதலின், விளையாட்டு அவர் கருத்தில் செய்யுளுக்குரிய பொருளே ஆகும்.

ஆயின் ‘பொருள்’ என்ற அளவில் நின்றுவிட்டால் கதை பாதியே. விளையாட்டுக்கும் செய்யுளுக்கும் உள்ள உறவு இருவகைப்படும். விளையாட்டைப் பற்றிப் பாடுதல் ஒன்று. தொடித்தலை விழுத்தண்டினார் முதுமையில் தம் இளமையின் நீர்விளையாட்டை நினைந்து இரங்கும் புறநானூற்றுப் பாட்டு (243) அவ்வகையது. ஆயத்தோடு விளையாடியபோது மணலில் அழுத்தி மறந்த விதை புன்னை மரமாய் வளர, அம்மரத்தைத் தங்கை என நாணும் தலைவியைக் காட்டும் நற்றிணைப் பாட்டும் (172) அவ்வகையதே. இவற்றின் சிறப்பை யாவரும் அறிவர். மற்றொரு வகை, விளையாட்டின் இயக்கமே செய்யுளின் வடிவாக அமைதல். இவ்விரண்டாம் வகையை நம் இலக்கிய வரலாறுகள் ‘வரிப்பாட்டு’ என்றும் ‘கலம்பக உறுப்பு’ என்றும் பெயர் சுட்டி விரைந்து கடந்து செல்கின்றன. அங்ஙனம் கடந்து செல்வதால் அவ்வடிவங்களை முதலில் ஆக்கியோர் யாவர் என்ற வினாவே எழாமற் போகிறது. விரிவாக எண்ணத்தக்கது அதுவே.

அம்மானையை முதற்கண் எடுத்துக்கொள்வோம். மரத்தாலோ பிறவற்றாலோ ஆகிய காய்களை மேலெறிந்து பிடித்து மகளிர் ஆடும் ஆட்டம் அது. காய்க்கும் ஆட்டத்திற்கும் பாட்டிற்கும் அம்மானை என்பதே பெயர். சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் வஞ்சி மகளிர் பாடும் அம்மானை வரி சோழனைப் பாடுகிறது. அப்பாடல்களின் கட்டமைப்பை உற்றுநோக்குக. ஐந்தடியில் முதலிரண்டடி ஒரு வினா. இத்தகைய செயல் புரிந்த வீரன் யார் என்பது அது. அடுத்த இரண்டடி விடை. அவன் இன்ன சோழன் என்பது. ஐந்தாமடி, அச்சோழனது புகாரைப் பாடுவோம் என்னும் அழைப்பு. இரண்டாமடி, நான்காமடி, ஐந்தாமடி ஆகிய மூன்றும் ‘அம்மானை’ என்று முடிகின்றன. எனவே ஒரு பாட்டினுள் மூன்று முடிப்புகள் உள. குரல் மாறுவதற்கு மூன்று இடங்கள் உள.

இதனினும் நுட்பமான ஒன்றுண்டு. விடை கூறுபவள் தன் விடையைப் புதிய சொல்லாற் றொடங்குவதில்லை. வினவியவள் இறுதியாக உரைத்த தொடரையே எடுத்துக்கொண்டு தொடங்குகிறாள். அழைப்பு விடுப்பவளும் விடையின் இறுதியில் நின்ற பெயரையே முதலாகக் கொள்கிறாள். அணியிலக்கணம் பயின்றோர் இதனை அந்தாதியின் ஒரு சாயல் என்பர், அஃது உண்மையே. ஆயின் அந்தாதி ஏன் இங்கு வேண்டப்பட்டது? ஒருத்தி எறிந்த காயை மற்றொருத்தி பிடித்த பின்னரன்றி அவள் எறிய இயலாது. எறிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டே அடுத்த சொல்லை எறிகிறாள். கை செய்யும் தொழிலையே நாவும் செய்கிறது. இத்தொடர் மடங்கி வருதல் அழகு கருதிப் பின்னர்ச் சேர்த்த அணியன்று, ஆட்டத்தின் விதி என்றே யாம் கருதுகிறோம்.

இக்கருத்திற்குத் துணையாவது திருச்சாழல். மாணிக்கவாசகர் மகளிர் ஆட்டப்பாடல் வடிவங்கள் பலவற்றைத் திருவாசகத்திற் கையாண்டார். அம்மானை, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என அவை விரியும். இவற்றுட் சாழல் இருவர்க்குரியது. நான்கடியில் முன்னிரண்டு ஒருத்தியின் தடை; பின்னிரண்டு மற்றொருத்தியின் விடை. உம் இறைவன் நீறு பூசுகிறானே, பாம்பு அணிகிறானே என்று ஒருத்தி இடித்துரைப்பாள். அதே பூசுதலையும் அணிதலையும் சொல்லளவில் மீட்டும் எடுத்துக்கொண்டு, அதனால் உனக்கென்ன என்று தொடங்கி மற்றவள் விடையிறுத்துச் சாழலோ என முடிப்பாள். இங்கும் சொல் கைமாறுகிறது. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் வரும் சாழற் பதிகத்திலும் (11:5) இதே தடையும் விடையும், இதே சொல் மீட்பும் காண்கிறோம். சிவனைப் பாடினும் திருமாலைப் பாடினும் ஆட்டத்தின் சட்டகம் பிறழவில்லை.

இவ்வடிவின் ஆற்றலைச் சமயத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். மாணிக்கவாசகர் தில்லையிற் புத்தரோடு வாதிட்டபோது, ஈழத்தரசனின் ஊமை மகள் வாய்திறந்து அளித்த விடைகளே திருச்சாழல் ஆயின என்பது திருவாதவூரர் புராணம் கூறும் வரலாறு. அதன் வரலாற்று மெய்ம்மை வேறு ஆராய்ச்சிக்கு உரியது. எமக்கு வேண்டுவது, சமய வாதத்திற்குச் சிறுமியரின் ஆட்டப்பாட்டுப் பொருத்தமான வடிவெனத் தமிழ்மரபு ஏற்றுக்கொண்டது என்பதே. தடையும் விடையும் மாறி மாறி வரும் அவ்வடிவைத் தருக்க நூல்களிலிருந்து தேடிக் கொணர வேண்டிய தேவை நேரவில்லை; அது முற்றத்திலேயே இருந்தது.

இனி ஒரு தடை எழலாம். புலவர் தாமே புதுவதாய்ப் படைத்த வடிவங்களுக்கு மகளிர் ஆட்டத்தின் பெயரை இட்டு வழங்கினர் என்று ஏன் கொள்ளலாகாது என்பது அது. சிலப்பதிகார அம்மானை ஒன்றே நமக்குக் கிடைத்திருப்பின் இத்தடை வலியுடையதே. ஆனால் சாழல் சிலப்பதிகாரத்தில் இல்லை. அதனைச் சைவரும் வைணவரும் ஒரே அமைப்பிற் கையாள்கின்றனர். வேறுவேறு சமயத்துப் புலவர், வேறுவேறு ஆட்டத்தின் பெயரால், ஒரே வகைச் சொல் மீட்பை மேற்கொள்வரேல், அவர் அனைவர்க்கும் பொதுவான மூலம் ஏட்டிற்குப் புறத்தே இருந்திருத்தல் வேண்டும். யாப்பிலக்கணமும் இங்கு உதவாது. பிற்காலக் கலம்பகத்துள் வரும் அம்மானையைக் கலித்தாழிசை என்பர். அப்பெயர் அடிகளை எண்ணுமேயன்றிக் குரல்களை எண்ணாது.

கலம்பகத்துள் இவ்வடிவம் அடைந்த மாற்றமும் சுவையானது. குமரகுருபரரின் மதுரைக் கலம்பகம் போன்ற நூல்களில் அம்மானை ஐந்தடியாகவே நிற்கிறது. முடிப்புகளும் பழைய இடங்களிலேயே நிற்கின்றன. ஆனால் முதல்வள் வினவுவதற்கு மாறாக ஒரு செய்தியைக் கூறுகிறாள். இரண்டாமவள் அதனுள் ஒரு முரணைக் காட்டி, அங்ஙனமாயின் இஃது எவ்வாறு என மடக்குகிறாள். மூன்றாமவள் ஒரே அடியிற் சிலேடையால் விடுவிக்கிறாள். ஆயிரம் ஆண்டு கடந்தும் எலும்புக்கூடு மாறாமல் தசை மாறியிருக்கிறது. ஒன்று மட்டும் குறையாகத் தோன்றுகிறது. நம் பதிப்புகளிற் பெரும்பாலானவை இம்மூன்று குரலையும் பிரித்துக் காட்டாமல் ஒருவர் கூற்றைப் போல அச்சிடுகின்றன. வகுப்பறையிலும் ஆசிரியர் ஒருவரே ஐந்தடியையும் படித்து முடிக்கிறார். மூன்று மாணவரை நிறுத்திப் படிக்கச் செய்தால் சிலேடை எங்கே விழ வேண்டும் என்பதை உரையின்றியே அவர் உணர்வர்.

பந்தாட்டத்தின் நிலை வேறு. அங்கே கைமாற்றத்தினும் விரைவே முதன்மை பெறும். வாழ்த்துக்காதையின் கந்துக வரி பாண்டியனைப் பாடுகிறது. முன்னின்ற அம்மானை வரியின் நிதான நடையிலிருந்து கந்துக வரியின் துள்ளல் நடைக்கு வரும்போது, வாய்விட்டுப் படிப்பவர்க்கு மூச்சே மாறும். இங்கும் அங்கும் எங்கும் ஓடி நிமிரும் ஆட்டக்காரியின் உடலியக்கத்தை இளங்கோவடிகள் சொற்களின் அடுக்கிலேயே வைத்துவிட்டார். சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்து மகளிரைக் காட்டுகிறார். அவர்கள் வானளாவிய மாடத்தில் மயில்போல் இயங்கிச் சிலம்பொலிக்கப் பந்தாடி இளைத்துப் பின்னர் முத்துப் போன்ற மணலில் பொன்னாலான கழங்கை ஆடுகின்றனர். மயிலியலும் சிலம்பொலியும் கூத்திற்கு உரிய அடையாளங்கள். அவற்றைப் புலவர் எவ்விதத் தயக்கமுமின்றிப் பந்தாட்டத்திற்கு உரிமையாக்கினார்.

காப்பியப் புலவர்க்குப் பந்தாட்டம் விருப்பமான பொருளாயிற்று. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து தெருவில் வந்து விழ, அவள் அதன்பின் வந்து சீவகனைக் காண்கிறாள். திருத்தக்கதேவர் அவ்விருவரின் காதற்கதையையே ஒரு பந்தின் உருளலில் தொடங்குகிறார். கொங்குவேளிரின் பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என ஒரு தனிக் காதையே உண்டு. மகளிர் ஒருவர்பின் ஒருவராய் வந்து ஆயிரம் ஆயிரமாய் அடித்து எண்ணிக்கையை உயர்த்த, இறுதியில் கோசல மன்னன் மகள் மானனீகை அனைவரையும் விஞ்சுகிறாள். எண்ணிக்கையும் போட்டியும் வெற்றியும் நிறைந்த ஆட்டமே அது. ஆயினும் அக்காதையைப் படிப்போர் அதனை நாட்டிய அரங்கேற்றம் போலவே காண்பர். உ. வே. சாமிநாதையர் 1924இல் பெருங்கதையைப் பதிப்பித்திராவிடின் இத்தகைய ஆட்டச் சித்திரம் ஒன்று நம்மிடம் இருந்தது என்பதே தெரிந்திராது.

இது தமிழ் மொழிக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புடைய தண்டியார் வடமொழியில் எழுதிய தசகுமார சரிதத்தில் கந்துகாவதி என்னும் அரசகுமாரி தேவியின் விழாவில் மக்கள் முன்னிலையிற் பந்தாடுகிறாள். அவ்வாட்டத்தின் வகைகளுக்குச் சூர்ணபதம், கீதமார்க்கம் முதலிய குறியீடுகள் அங்கே கூறப்படுகின்றன. ஓர் அடிவைப்பு வகைக்குக் ‘கீதத்தின் நெறி’ எனப் பெயர் அமைந்தமை, பந்தாட்டமும் இசையும் அக்காலத்து எத்துணை நெருங்கி நின்றன என்பதற்குச் சான்றாகும். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியைப் பந்தாடச் செய்தபோது, வளையொலியைக் காட்டும் இரட்டைக்கிளவிகளாலேயே தாளத்தை அமைத்தார். 1944இல் ருக்மிணிதேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தில் அக்குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். அரங்கில் ஆடுபவளிடம் பந்தில்லை. அடிவைப்பும் கைவீச்சும் உள. கவிராயரின் தாளத்தில் பந்தின் துள்ளல் இருந்தமையால் பந்தில்லாக் குறை தோன்றுவதில்லை.

ஆடவர் விளையாட்டுகளுள் இவ்வுறவு தெளிவாகத் தெரியுமிடம் ஏறுதழுவல். கலித்தொகையின் முல்லைக்கலியில் தொழுவில் ஏறு தழுவுதலும் அதன்பின் மன்றத்திற் குரவையாடுதலும் ஒரே நிகழ்ச்சியின் இரு பகுதிகளாக வருகின்றன. குருதி தோய்ந்த ஆட்டமும் கைபிணைந்த கூத்தும் ஒரே நாளில், ஒரே மக்களிடையே நிகழ்கின்றன. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் இளங்கோவடிகள் இதனினும் ஒருபடி மேற்செல்கிறார். இன்ன ஏற்றை அடக்கியவனுக்கு இப்பெண் உரியள் என ஏழு ஏறுகளுக்கு உரியராய் ஏழு கன்னியர் நிற்கின்றனர். மாதரி அந்த எழுவரையே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளின் பெயரால் அழைத்து வட்டமாக நிறுத்திக் குரவையைத் தொடங்குகிறாள். தொழுவின் வரிசை இசையின் வரிசையாகிறது. ஏறுதழுவலுக்கு இன்று வந்துள்ள வடிவமாகிய சல்லிக்கட்டு 2014இல் உச்ச நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டு, 2017இல் தமிழ்நாட்டுச் சட்டத்தால் மீண்டு, 2023இல் அச்சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்த வரலாறு யாவரும் அறிந்தது. அவ்வாண்டுகளில் முல்லைக்கலி பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. அதன் பிற்பாதியாகிய குரவையை நினைந்தவர் சிலரே.

விளையாட்டிலிருந்தே பண்பாடு எழுந்தது என்னும் கொள்கையை டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹூயிசிங்கா 1938இல் ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில் நிறுவினார். கவிதையை அவர் விளையாட்டின் நேர்வழித்தோன்றலாகவே கொண்டார். அவர் கருத்தின் பெரும்பகுதி நமக்கு உடன்பாடே. ஆயின் விளையாட்டு என்பது அன்றாட வாழ்க்கையினின்று விலகித் தனக்கென ஓர் இடமும் காலமும் வகுத்துக்கொண்டு, பயன் கருதாது நிகழ்வது என அவர் வகுத்த இலக்கணம் தமிழ்ச் சான்றுகளோடு முழுதும் பொருந்தவில்லை. வாழ்த்துக்காதையையே காண்க. அம்மானை, கந்துகம், ஊசல் என்னும் மூன்று ஆட்டப்பாடல்களை அடுத்து நான்காவதாக வருவது வள்ளைப்பாட்டு. வள்ளையாவது உலக்கை கொண்டு குற்றுவோர் பாடுவது. சோழனுக்கு ஒன்று, பாண்டியனுக்கு ஒன்று, சேரனுக்கு ஒன்று என ஆட்டப்பாடல்கள் முடிந்தபின் மூவரையும் ஒருங்கு பாடுவது இவ்வேலைப்பாட்டே. திருவாசகத்திலும் சுண்ணமிடிக்கும் திருப்பொற்சுண்ணம் ஆட்டப்பாடல்களோடு ஒரே நிரலில் நிற்கிறது. உலக்கை விழும் இடைவெளியும் காய் விழும் இடைவெளியும் ஒரே பெண்ணின் கைக்குப் பழகியவை. வேலையையும் விளையாட்டையும் வேலியிட்டுப் பிரித்தது ஹூயிசிங்கா வாழ்ந்த சமுதாயத்தின் வழக்கம். நெல்குற்றும் முற்றத்திலேயே அம்மானை ஆடிய மகளிர் அவ்வேலியை அறியார்.

மேனாட்டில் அவ்வேலி எத்துணை உயரமானது என்பதை ஒலிம்பிக் வரலாறு காட்டும். 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக் விழாக்களில் இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகியவற்றிற்கும் பதக்கம் வழங்கினர். விளையாட்டைப் பொருளாகக் கொண்ட படைப்புகளே போட்டிக்கு உரியன. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. கலையையும் விளையாட்டையும் வெவ்வேறு பந்தியில் அமர்த்தி ஒரே விருந்து என்றனர், பந்தி ஒன்றாகவில்லை.

ஊசலைப் பற்றி ஈண்டுச் சுருங்கக் கூறுவதே அமையும். திருப்பொன்னூசல் ஒன்பது பாடல்களுடையது. பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் சீரங்கநாயகர் ஊசல் பாடினார். ஈழத்துக் கோயில்களில் திருவிழாவை ஒட்டி ஊஞ்சற்பாட்டுப் பாடுதல் இன்றும் வழக்கிலுள்ளது. சிறுமியரின் ஊசல் தெய்வத்தின் ஊசலாயிற்று. நெடிய அடிகள் முன்னும் பின்னும் அசையும் பலகைக்கு இசைந்தன என்பதற்கு மேல் சொல்ல வேண்டுவதில்லை.

உந்தியின் வரலாறோ வியப்புக்குரியது. பெரியாழ்வார் பாடலில் (3:9) ஒருத்தி கண்ணனையும் மற்றொருத்தி இராமனையும் மாறி மாறிப் பாடி உந்தி பறக்கின்றனர். இரு கட்சியாய் நின்று ஆடிய ஆட்டம் என்பது அதனால் விளங்கும். திருவாசகத்துத் திருவுந்தியார் மூன்று சிற்றடிகளால் ஆகி, பின்னிரண்டடியின் இறுதியிலும் ‘உந்தீபற’ என்னும் முடிப்பை உடையது. 12ஆம் நூற்றாண்டில் திருவியலூர் உய்யவந்த தேவநாயனார் இவ்வடிவை எடுத்து 45 பாடல்களில் சைவ சித்தாந்தப் பொருளைப் பாடினார். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் காலத்தால் முதலாவது அந்நூலே. 1927இல் இரமண மகரிஷி உபதேச உந்தியாரை 30 பாடல்களில் இயற்றியபோதும் அதே மூன்றடி, அதே முடிப்பு. ஞானநூல்கள் இவ்வடிவை விடாமற் பற்றிய காலத்திலேயே, உந்திபறத்தல் என்பது எவ்வாறு ஆடப்பட்டது என்பதில் உரைகாரர் வேறுபட்டனர். பாட்டு நின்றது, அதனை ஈன்ற ஆட்டம் கரைந்தது.

அம்மானைக்கும் இவ்வாறே ஒரு பிரிவு நேர்ந்தது. இராமப்பய்யன் அம்மானை முதலிய கதைப்பாடல்களில் அப்பெயர் நீண்ட கதையைத் தொடர்ந்து பாடும் வடிவிற்கு உரியதாயிற்று. தென்கோடியில் எழுந்த அகிலத்திரட்டு அம்மானையும் அப்பெயரை ஏற்றது. மூவர் கூறிய இடத்தில் ஒருவர் கூறுகிறார், காயுமில்லை, கையுமில்லை. மற்றொருபுறம் பெண்பாற் பிள்ளைத்தமிழ் அம்மானையையும் ஊசலையும் பருவங்களாக்கிக்கொண்டது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மை அம்மானை ஆடுகிறாள். பத்துப் பாடலும் அவளை ஆடுமாறு வேண்டுகின்றன. ஆனால் அவை அம்மானையின் யாப்பில் இல்லை. முன்னே ஆட்டம் வடிவாய் இருந்தது. ஈண்டுப் பொருளாய் மட்டும் நிற்கிறது. யாம் மேலே பிரித்துக் கூறிய இருவகை உறவும் இங்கே ஒன்றன்மேல் ஒன்று தெரிகின்றன.

இந்நூல்கள் அனைத்தையும் பாடியோர் ஆடவரே. இளங்கோவடிகள், மாணிக்கவாசகர், ஆழ்வார்கள், குமரகுருபரர் ஆகிய அனைவரும் மகளிர் குரலை ஏற்றுப் பாடினர். அவர் பெருமைக்கு இதனாற் குறைவில்லை. ஆயின் தமிழ் யாப்பின் வரலாறு எழுதுவோர், ஆசிரியப்பாவையும் வெண்பாவையும் புலவர் வளர்த்த வடிவங்களாகக் கூறியபின், அம்மானையையும் சாழலையும் உந்தியையும் பெயர் தெரியாச் சிறுமியர் ஆக்கிய வடிவங்கள் என வெளிப்பட எழுதுதல் வேண்டும். ‘நாட்டுப்புறச் செல்வாக்கு’ என்னும் ஒரு தொடரால் அக்கடனைத் தீர்த்துவிடுதல் இயலாது. செல்வாக்கு என்பது உள்ளதன்மேற் படிவது. இங்கே வடிவமே அவர்களிடமிருந்து வந்தது.

பாட்டு ஆட்டத்தின் கருவி என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று சடுகுடு. பாடிச் செல்வோன் ஒரே மூச்சிற் பாடிக்கொண்டே எதிரணியின் எல்லையுட் புகுகிறான். பாட்டு அறுந்தால் ஆட்டம் இழந்தான். இங்கே பாட்டே நடுவர். ஊர்தோறும் பாடிச் செல்லும் சொற்கள் வேறுபட்டன. எதுகையும் மோனையும் அமைந்த சிற்றடிகளில் வீரமும் ஏளனமும் நிறைந்தன. நீண்ட மூச்சும் நல்ல அடியும் உடையவனே நல்ல ஆட்டக்காரன். நாடெங்கும் ஒரே விதி வகுக்கப்பட்டுக் கபடி என்னும் பெயரால் ஆட்டம் பரவி, 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகவும் இடம்பெற்றது. ஆட்டக்காரர்க்கு அது பெருநலமே. ஆனால் பொதுவிதி ஏற்ற சொல் ‘கபடி’ என்னும் ஒன்றே. பின்னர் ஒவ்வொரு பாடுதலுக்கும் 30 நொடி என எல்லை வகுத்தனர். மூச்சை அளந்த வேலையைக் கடிகாரம் மேற்கொண்டது. சொல் வெறும் அடையாளமாய் எஞ்சியது.

ஊர்ப்புறத்து ஆட்டமுறைகளை இடவேறுபாட்டோடு தொகுத்தவர் தேவநேயப் பாவாணர். அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ 1954இல் வெளிவந்தது. கி. வா. ஜகந்நாதனின் ‘மலையருவி’ 1958இலும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இலும் வெளிவந்தன. முன்னது ஆட்டத்தையும், பின்னவை பாட்டின் சொல்லையும் காத்தன. இரண்டையும் ஒருங்கு வைத்துக் காலம் அளந்து எழுதும் பணி இளம் ஆராய்ச்சியாளர்க்கு எஞ்சியுள்ளது.

அப்பணியைத் தொடங்குதற்கு எளிய இடம் சொட்டாங்கல். கழங்கின் இன்றைய உறவு அது. கீழடி அகழாய்வில் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் தந்தப் பகடையும் கிடைத்தன. அவற்றை ஆடியோர் என்ன பாடினர் என்பதை மண் காத்துத் தரவில்லை. சொட்டாங்கல்லோ இன்னும் திண்ணைகளில் ஆடப்படுகிறது. ஐந்து கற்களில் ஒன்றை மேலெறிந்து, அது இறங்குவதற்குள் தரையிலுள்ளதை அள்ளி, விழும் கல்லையும் அதே கையிற் பிடிக்க வேண்டும். முதலாட்டத்தில் ஒவ்வொன்றாகவும், அடுத்து இரண்டிரண்டாகவும், பின்னர் மூன்றும் ஒன்றுமாகவும், இறுதியில் நான்கையும் ஒருங்கும் அள்ள வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அவ்வெண்ணை முதலாகக் கொண்ட அடி பாடப்படும். கல் வானில் நிற்கும் காலத்திற்குள் ஒரு சீர் முடிய வேண்டும். அள்ளும் பணி பெருகப் பெருகக் கல்லை உயர எறிய நேர்வதால் சீரும் நீளும். ஒரு திண்ணையில் அமர்ந்து, எந்தச் சீரில் கல் மேலே செல்கிறது, எந்தச் சீரில் கைக்கு வருகிறது என்று பாட்டின் அடியிற் புள்ளியிட்டுக் குறித்து வருவதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆடுகின்றவள் பாட்டியாயின் இன்னும் நன்று.